ஒன்றரை அடித் தக்காளி

உங்கள் வீட்டு பால்கனி எத்தனை அடி அகலம்? அளந்து பார்த்ததில்லையென்றால் பாதகமில்லை. துணிக் கொடி, கால் ஆடும் ஸ்டூல், காலி காஸ் சிலிண்டர், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் போக, ஒருவர் பக்கவாட்டில் நின்று காப்பி குடிக்க இடம் இருக்கிறதல்லவா? அது போதும். அங்கே ஒரு தக்காளிச் செடி வைக்கலாம். அதன் பழத்தைப் பறித்து ரசம் வைக்கலாம். அடுத்த வருஷம் அதே பழத்தின் விதையைப் போட்டு, அதே செடியை மறுபடியும் வளர்க்கலாம்.

“அதெல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது! ஆறடி உயரத்துக்குக் கொடி மாதிரி ஓடி, மேல் வீட்டு மாமியின் புடவையைத் தொட்டதுதான் மிச்சம். காய்த்தது மூன்றே மூன்று!” என்று நீங்கள் அலுத்துக் கொள்வது காதில் விழுகிறது. அநேகமாக நீங்கள் போட்டது, கடையில் வாங்கிய பழத்தின் விதையாக இருக்கும். தவறு உங்கள் கையில் இல்லை, விதையில் இருக்கிறது. சின்ன இடத்துக்கு என்றே பிறந்த தக்காளிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். இதனால் உங்கள் காய்கறிச் செலவு குறையப் போவதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதம் எத்தனையோ பேர் வீராவேசமாகத் தொட்டியும் மண்ணும் வாங்கினார்கள். விதை முளைத்துக் காய் வருவதற்குள் விலை இறங்கிவிட்டது. தொட்டி மட்டும் மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. சிக்கனத்துக்காக ஆரம்பித்தால் இப்படித்தான். ருசிக்காகவும் விதைக்காகவும் ஆரம்பித்துப் பாருங்கள், ஏமாற மாட்டீர்கள்.

‘தக்காளி’ என்ற பெயர் இந்தப் பழத்துக்கு இரவல் பெயர். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொடக்குத் தக்காளி தெரியும். காகிதப் பை மாதிரி ஓர் உறைக்குள் குட்டிப் பழம் இருக்கும். உறையை நெற்றியில் அடித்துச் ‘சொடக்’கென்று உடைத்து விளையாடுவோம். மணத்தக்காளியை வத்தக் குழம்பில் போடுகிறோம். இவைதான் பெயருக்கு உரியவை. தென்னமெரிக்காவில் காடாய் முளைத்து, மெக்ஸிகோவில் பயிராகி, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, பிறகு நம்மிடம் வந்து சேர்ந்த சிவப்புப் பழத்தை நம் முன்னோர் சீமைத் தக்காளி என்றார்கள். நாளடைவில் ‘சீமை’ உதிர்ந்துவிட்டது. வந்தவள் வீட்டுக்காரி ஆகிவிட்டாள்!

அந்த ஆதித் தக்காளிகள் எல்லாமே படர்கிற ஜாதி. நிற்கவே தெரியாது. பிரான்ஸ் தேசத்தில் லாய் என்ற மாளிகையின் தோட்டத்தில், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், குட்டையாய், தடித்த தண்டோடு, கொம்பு நாட்டாமல் தானே நிமிர்ந்து நிற்கும் ஒரு தக்காளி தோன்றியது. குள்ளத் தக்காளி என்று உலகம் அறிந்த முதல் ரகங்களில் அது ஒன்று. இவற்றை அடையாளம் காண்பது சுலபம். நாற்றிலேயே தண்டு பருமனாக இருக்கும். இலை கரும்பச்சையாய், சுருக்கம் விழுந்து, கஞ்சி போட்டு இஸ்திரி போடாத பருத்திப் புடவை மாதிரி இருக்கும். மெள்ள மெள்ள வளரும்.

குட்டையாக இருப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. 1914-ல் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் ஒரு செடி வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டது. ஓரளவு வளர்ந்ததும் ஒவ்வொரு கிளையும் பூங்கொத்தில் முடிந்து, ‘இதற்கு மேல் உயரம் வேண்டாம்’ என்று நின்றுவிட்டது. இன்று உலகத்தில் புதராக வளரும் தக்காளி ரகங்களுக்கெல்லாம் அந்தக் குணம்தான் ஆதாரம்.

சரி, எதைத் தேடுவது? ‘டைனி டிம்’ என்று ஒரு ரகம். 1945-ல் நியூ ஹாம்ப்ஷயர் சர்வகலாசாலை வெளியிட்டது. டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் வருகிற சின்னப் பையனின் பெயரே இதற்கும். உயரம் ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும். பழம் கோலிக் குண்டைவிடக் கொஞ்சம் பெரியது. ஜன்னல் விளிம்பில் வைக்க இதைவிட ஒத்துப்போகிற செடி கிடையாது. கொஞ்சம் பெரிய பழம்தான் வேண்டும் என்றால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த ‘நியூ பிக் டுவார்ஃப்’ இருக்கிறது. செடி இடுப்பு உயரத்தைத் தாண்டாது. பழமோ கால் கிலோ வரை கனக்கும். மாடித் தோட்டம் போடுகிறவர்கள் தங்களுக்குள் விதை பரிமாறிக் கொள்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் இத்தகைய பழைய ரகங்கள் கிடைக்கும்.

“அமெரிக்க விதைக்கு நான் எங்கே போவேன்?” என்கிறீர்களா? வேண்டாம். நம் தேனிக்குப் பக்கத்தில் அன்னஞ்சி என்று ஓர் ஊர். அந்த ஊர் நாட்டுத் தக்காளியிலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் 1970-களில் உண்டாக்கிய ரகம்தான் ‘பி.கே.எம். 1’. தட்டை உருண்டையாக, காம்பைச் சுற்றிக் கரும்பச்சைத் தோளோடு காய்த்து, பழுத்ததும் செக்கச் செவேல் என்று ஆகும். ஒட்டு ரகமல்ல, புதர் ஜாதி. நூறு வருஷப் பழசு என்று சொல்ல முடியாவிட்டாலும், தாயார் கிராமத்துப் பெண்தான். புளிப்பு தூக்கலாக இருப்பதால் ரசத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பச்சைத் தோளைப் பற்றி ஒரு வார்த்தை. கடைப் பழம் பளபளவென்று ஒரே சிவப்பாக இருந்தும் சப்பென்று இருக்கிறதே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? எல்லாப் பழமும் ஒரே சீராகப் பழுக்க வேண்டும் என்று, பச்சைத் தோள் விழாத செடிகளையே பல காலம் தேர்ந்தெடுத்து வந்தார்கள். காயில் அந்தப் பச்சையைக் கூட்டித் தரும் ஜீன்தான் பழத்துக்குள் சர்க்கரை சேரவும் உதவுகிறது என்று 2012-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அழகுக்காக ருசியைக் கொடுத்திருக்கிறோம்! ஆகையால் உங்கள் செடியில் காயின் தலை மட்டும் பச்சையாக இருந்தால், நோய் என்று பயப்பட வேண்டாம்.

இனி காலம். இதில் தவறினால் மற்ற எதைச் சரியாகச் செய்தும் பிரயோஜனமில்லை. தக்காளிக்குப் பகலில் வெயிலும், இரவில் குளுமையும் வேண்டும். பகல் 35 டிகிரி செல்சியஸுக்கு மேலே போய், இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால், பூ பூவாகவே உதிர்ந்துவிடும். சித்திரையில் சென்னையில் விதை போட்டவர்கள் இலையைத்தான் பார்ப்பார்கள். ஐப்பசியில் விதை, கார்த்திகையில் நடவு, மார்கழியில் பூ, தையிலும் மாசியிலும் பழம் — இது கடற்கரை ஊர்களுக்கு ஏற்ற கணக்கு. கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் பெங்களூர்க்காரர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு குறைவு. கொடுத்து வைத்தவர்கள்.

மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறான் அல்லவா? அப்போது தெற்குப் பார்த்த பால்கனிக்குத்தான் யோகம். கிழக்கும் பரவாயில்லை. நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் விழ வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியானால் தக்காளியை மறந்துவிட்டுப் புதினா போடுங்கள், மனஸ்தாபம் வராது.

விதை முளைக்க, பாதிக் கொட்டாங்கச்சியின் கண்ணைத் துளைத்துவிட்டு மண் நிரப்பினால் போதும். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு விதை. கையால் தெளித்த தண்ணீர். ஒரு வாரத்துக்குள் முளை தலைகாட்டும். காட்டியவுடன் வெளிச்சத்தில் வையுங்கள்; சமையலறை இருட்டில் வைத்தால் ஒரே நாளில் நூல் மாதிரி நீண்டுவிடும். இன்னொன்று: ஆசை மிகுதியால் தண்ணீரைக் கொட்டாதீர்கள். காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மாலையில் அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடக்கும். முதல் வருஷம் தக்காளி வளர்க்கிறவர்களில் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

மூன்றரை வாரத்தில் நாலைந்து இலை வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். டைனி டிம்முக்கு ஐந்து லிட்டர் தொட்டி. மற்றவற்றுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி, நன்றாகக் கழுவி, அடியில் நாலு ஓட்டை போட்டது. செம்மண், மட்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு தரம் தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள். நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதியை மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். கத்தரிக்காயிடம் இந்த விளையாட்டுக் கூடாது. தக்காளித் தண்டு மட்டும் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும்.

தண்ணீர் விஷயத்தில் தக்காளி மாமியார் மாதிரி. அதிகம் கேட்காது, ஆனால் நேரம் தவறக் கூடாது. இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிக்கும், அல்லது காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழியும். “சுண்ணாம்புச் சத்துக் குறைவு” என்று சொல்லி முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். மண்ணில் சத்து இருந்தும், தண்ணீர் ஒழுங்காகப் போகாததால் அது காய்க்குப் போய்ச் சேராமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். முட்டை ஓடு மக்குவதற்குள் செடியின் ஆயுளே முடிந்துவிடும். எருவையும் அளவோடு போடுங்கள். சாணியும் பிண்ணாக்கும் மிஞ்சினால் செடி கொழுகொழுவென்று இலையாக நிற்கும், பூவைக் காணோம்!

பூ வந்ததும் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. தக்காளிப் பூ தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக் கொள்ளும். ஆனால் யாராவது உலுக்க வேண்டும். தோட்டத்தில் காற்றும், ரீங்காரமிட்டுப் பூவை அதிர வைக்கும் கருவண்டும் அதைச் செய்கின்றன. நாலாவது மாடிக்கு வண்டு வருமா? ஆகவே காலை பத்து மணி சுமாருக்கு, பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு சுண்டு சுண்டிவிடுங்கள். பள்ளிக்கூடம் போகாத குழந்தை வீட்டில் இருந்தால் அதனிடமே ஒப்படைத்துவிடலாம். சந்தோஷமாகச் செய்யும்.

எதிரிகளில் பெரியவன் வெள்ளை ஈ. இலைக்கு அடியில் மாவு தூவினாற்போல் இருந்து, தொட்டால் பறக்கும். சாற்றை உறிஞ்சுவதோடு இலைச் சுருட்டு நோயையும் கொண்டுவந்து விடும். நோய் வந்த செடியின் இலை கிண்ணம் மாதிரி மேலே சுருண்டு, மஞ்சளித்து, வளர்ச்சி நின்றுவிடும். இதற்கு மருந்து கிடையாது. மனத்தைக் கல்லாக்கிக் கொண்டு பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டியதுதான். பரிதாபப்பட்டு வைத்திருந்தால் பக்கத்துச் செடியும் போகும். வருமுன் காக்க, நாற்றுப் பருவத்தில் மெல்லிய பழைய வேஷ்டித் துண்டால் மூடி வையுங்கள். பிறகு வாரம் ஒரு முறை மாலையில், லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடியில் தெளியுங்கள். அணிலுக்கு மட்டும் மருந்து கிடையாது. காய் லேசாகச் சிவப்புத் தட்டியதுமே பறித்து வீட்டுக்குள் வைத்தால் நன்றாகவே பழுத்துவிடும்.

இனி விதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும்.

விதைப் பொட்டலத்தில் ‘எஃப் 1’ என்று போட்டிருந்தால் அது ஒட்டு ரகம். இரண்டு வெவ்வேறு பெற்றோரைச் சேர்த்துப் பிறந்தது. செடி அபாரமாகக் காய்க்கும். ஆனால் அதன் விதையைப் போட்டால், ஒரு குழந்தை தாத்தாவைப் போல், ஒன்று அத்தையைப் போல், ஒன்று யாரையும் போலில்லாமல் வரும். ஆகவே வருஷா வருஷம் கடைக்குப் போக வேண்டும். பழைய வழிவழி ரகங்கள் அப்படியல்ல. தாயைப் போலவே பெண். எத்தனை தலைமுறை ஆனாலும்.

இந்தப் பங்காளிக் குழப்பத்தையே சாதகமாக்கிக் கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் கிரெய்க் லெஹூலியர் என்று ஒருவர். தொழிலால் ரசாயன நிபுணர். 1990-ல் டென்னஸி மாகாணத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் ஓர் உறையில் தக்காளி விதை போட்டு அவருக்குத் தபாலில் அனுப்பினார். முளைத்தது ஊதா கலந்த கறுப்புப் பழம். ‘செரோக்கி பர்ப்பிள்’ என்று அவர் பெயர் வைத்து, பலருக்கும் விதை கொடுத்தார். இன்று உலகப் பிரசித்தம். ஆனால் அது நெடுநெடுவென்று வளர்கிற ஜாதி. இத்தனை ருசியான பழங்கள் ஏன் குள்ளச் செடியில் காய்க்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கும், ஆஸ்திரேலியாவில் பட்ரீனா நஸ்கி ஸ்மால் என்ற பெண்மணிக்கும் எழுந்தது. 2005-ஆம் வருஷவாக்கில் இருவரும் வேலையைத் தொடங்கினார்கள்.

உயரச் செடியையும் குள்ளச் செடியையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுவதும் உயரம். அதன் விதையைப் போட்டால் நாலில் ஒன்று குள்ளம். அந்த ஒன்றில் எது ருசி என்று தின்று பார்த்து, அதன் விதையை எடுத்து, மறுபடி போட்டு... குணம் நிலைக்க ஏழெட்டுத் தலைமுறையாவது வேண்டும். இங்கேதான் சாமர்த்தியம்: அமெரிக்காவில் குளிர்காலம் ஆரம்பிக்கும்போது ஆஸ்திரேலியாவில் கோடை ஆரம்பம். விதை தபாலில் போய்த் தபாலில் வந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு தலைமுறை! வேலை செய்தவர்கள் எல்லாரும் வீட்டுத் தோட்டக்காரர்கள். லெஹூலியர் தன் வீட்டுக் கார் நிறுத்தும் பாதையில் தொட்டிகளை அடுக்கி வைத்து வளர்த்தார். செடிக் குடும்பங்களுக்கு ஸ்னோ ஒயிட் படத்தில் வரும் ஏழு குள்ளர்களின் பெயர்களை வைத்தார்கள். நூறு ரகங்களுக்கு மேல் வந்துவிட்டன. யாரும் விதை எடுக்கலாம், கொடுக்கலாம், தடையில்லை.

விதை எடுக்கும் முறை தெரிந்துகொள்ளுங்கள். நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியில், நன்றாகப் பழுத்த பழமாகப் பாருங்கள். நறுக்கி, விதையும் சாறுமாக ஒரு டம்ளரில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் புளித்து, மேலே ஆடை கட்டும். வாசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். புளிப்பு அதைக் கரைத்துவிடும். தேறின விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். அலசி, பீங்கான் தட்டில் பரப்பி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரும் வருஷமும் எழுதி, மூடியுள்ள பாட்டிலில் வைத்தால் நாலைந்து வருஷம் தாங்கும்.

இவ்வளவு சொல்கிறேனே, நானே இதைச் செய்யத் தவறினேன். எதிர் வீட்டு மாமி ஒரு சமயம் தினக் காலண்டர் தாளில் மடித்துப் பதினோரு விதை கொடுத்தாள். அவள் அம்மா காலத்திலிருந்து வருகிற குட்டைத் தக்காளி என்றாள். வளர்ந்தது, காய்த்தது, பொங்கலுக்கு வந்த விருந்தாளிகளுக்குக் கடைசி நாலு பழத்தையும் பச்சடி செய்து போட்டுவிட்டேன். ‘மாமியிடம்தான் இருக்கிறதே’ என்ற தைரியம். கோடையில் மாமி வெளியூரில் உள்ள பெண் வீட்டோடு போய்விட்டாள். விதை கேட்டு டெலிபோன் செய்தபோது, “ஐயோ, உங்கிட்ட இருக்குன்னு நினைச்சு நான் எடுத்து வைக்கலையேடி!” என்றாள். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

அடுத்த ஐப்பசி மழையில், கறிவேப்பிலைத் தொட்டியின் ஓரத்தில் ஒரு முளை. தண்டு தடிமன், இலை சுருங்கிக் கரும்பச்சை. காய்கறி கழுவின தண்ணீரை அந்தத் தொட்டியில்தான் ஊற்றுவது வழக்கம். பிடுங்கப் போன கையை எப்படித்தான் நிறுத்தினேனோ!

இப்போது அடுப்படி மேடையில் ஒரு டம்ளர் இருக்கிறது. இன்றோடு இரண்டு நாள். வீட்டில் உள்ளவர்கள் கெட்டுப்போன ரசம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, ‘கொட்டாதீர்கள்’ என எழுதி ஒட்டியிருக்கிறேன். நாளை மறுநாள் அலசி உலர்த்தி, பதினோரு விதை எண்ணி, காலண்டர் தாளில் மடித்து, மாமியின் பெண் வீட்டு விலாசத்துக்கு அனுப்ப வேண்டும்.